இரண்டாவது மின்குமிழுக்கு எவ்வளவு மின்னோட்டம்? தரம் 10 வகுப்பறையில் தொழினுட்ப இலக்கு அமைத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

"வாரத்தில் இரண்டு தடவை மல்டிமீடியா பாவிப்பேன்." வருடத் தொடக்கத்தில் ஆசிரியர்கள் எழுதும் இலக்குத் தாள்களில் இந்த வரி ஏதோ ஒரு வடிவில் இருக்கும். (மல்டிமீடியா என்று பாடசாலைகளில் சொல்வது சுவரில் படம் வீழ்த்தும் கருவியை.) தவணை முடிவில் அதற்குச் சரி அடையாளமும் விழும். ஆனால் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது, போன வருடப் பிள்ளைகள் பிழைவிட்ட அதே இடத்தில் இந்த வருடப் பிள்ளைகளும் பிழைவிட்டிருப்பார்கள். இலக்கு நிறைவேறியும் பாடம் அசையாமல் நின்றது ஏன், அந்தத் தாளை எப்படித் திருத்தி எழுதினால் அசையும் என்பதே இங்கே பார்க்கும் விடயம்.

இதில் வரும் ஆசிரியை தனி ஓர் ஆளல்லர். வடகொழும்பின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் வழமையாக உள்ள நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி அவர். வகுப்பில் எத்தனை பேர் எந்த விடை சொன்னார்கள் என்று வரும் எண்களும் பதிவை எப்படி வாசிப்பது என்று காட்டுவதற்கான மாதிரி எண்களே. கருவிகளின் குணமும் அவை பிழைக்கும் இடங்களும் உள்ளது உள்ளபடி.

வகுப்பறை

கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில், வீதியை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் தரம் 10, பிள்ளைகள் 38 பேர். ஒரு பக்கம் அரைச் சுவரும் கம்பி வலையும். காலை வெளிச்சம் நேரே கரும்பலகையில் விழும். இரண்டு பிளக் பொயின்ற் இருந்தாலும் வேலை செய்வது ஒன்று, அதுவும் பழைய வட்ட முள் வகை. பாடசாலைக்கு ஒரேயொரு மல்டிமீடியா. அது கீழ்மாடி அலுமாரியில் இருக்கிறது. திறப்பு பிரதி அதிபரிடம். பிள்ளைகள் கைபேசி கொண்டுவர அனுமதியில்லை. வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் ஒரு கைபேசிதான், விடியற்காலையில் அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். ஆசிரியையிடம் சொந்த லப்டொப்பும் சொந்தக் கைபேசியும் உண்டு. பாடவேளை 40 நிமிடம்.

அவர் எழுதிய முதல் தாளில் ஐந்து இலக்குகள்: வாரம் இருமுறை மல்டிமீடியா, வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு, கூகுள் ஃபோமில் பரீட்சை, யூடியூப் சனல், ஸ்மார்ட் போர்ட் பழகுதல். ஐந்துமே கருவியின் பெயர்கள். எந்த வரியிலும் பிள்ளை இல்லை, மின்னோட்டம் இல்லை, பிழை இல்லை. இதை அக்கறைக் குறைவு என்று சொல்லமுடியாது. செயலமர்வுகளில் கருவியைத்தான் காட்டுகிறார்கள், மேற்பார்வைக்கு வருபவர் கேட்பதும் கருவியைத்தான்.

முதலாவது இலக்கைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்ப்போம். திறப்பு வாங்கி மல்டிமீடியாவைத் தூக்கிக்கொண்டு படியேற 6 நிமிடம். மேசை போட்டு எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்க 4. லப்டொப் எழும்பி, படம் சுவரில் விழுந்து, கூர்மை பிடிக்க 5. முடிவில் விளக்கு குளிரும்வரை காத்திருந்து சுருட்டி எடுக்க 5. ஆக 20 நிமிடம் போய்விட்டது, பாடத்துக்கு மிஞ்சுவது பாதி. வாரம் இருமுறை இப்படிச் செய்தால் ஒரு முழுப் பாடவேளை மல்டிமீடியாவைச் சுமப்பதில் கழிகிறது.

பிழை இருக்கும் இடம்

இலக்கைத் திரும்ப எழுத ஆசிரியை எடுத்த முதல் பொருள் லப்டொப் அல்ல, போன வருடத் தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு. ஓட்ட மின்னியல் அலகில் ஒரு வினா: ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்கள் ஒரு பற்றரியுடன் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. எது கூடுதலாக ஒளிரும்? "முதலாவது" என்ற விடை தாளுக்குத் தாள் வந்துகொண்டேயிருந்தது. காரணம் எழுதச் சொன்ன இடத்தில், "முதல் பல்ப் கரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்ததுக்கு அனுப்பும்" என்ற கருத்து வெவ்வேறு வார்த்தைகளில்.

இது மனனம் செய்யாததால் வரும் பிழை அல்ல. மின்னோட்டம் வழியில் செலவாகிறது என்ற எண்ணம் உலகெங்கும் பிள்ளைகளிடம் பதிவாகியுள்ளது. நம் வீட்டுப் பேச்சு அதற்கு உரமும் போடுகிறது. கரண்ட் போச்சு, கரண்ட் வந்திட்டுது, கரண்ட் பில் கூடிட்டுது, ஏசி கனக்கக் கரண்ட் இழுக்கும். வழங்கலையும் சக்தியையும் மின்னோட்டத்தையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். பில்லில் இருக்கும் "அலகு" கிலோவொட் மணி, அதாவது சக்தி. செலவாவது அதுதான். சுற்றினுள் போகும் ஏற்றம் அப்படியே திரும்பி வருகிறது. பிள்ளை 'கரண்ட்' என்ற சொல்லை வீட்டில் கேட்டு வளர்ந்து, பாடநூலில் 'மின்னோட்டம்' என்று வாசிக்கும்போது பழைய பொருளையே புதிய சொல்லுக்குள் வைக்கிறது. ஓமின் விதியில் கணக்குப் போட்டு முழுப் புள்ளி எடுக்கும் பிள்ளையும் இந்த வினாவில் தடுக்கி விழுவது அதனால்தான்.

இந்த இடத்தில்தான் தொழினுட்பத்தைக் கேட்க வேண்டும்: கரும்பலகையாலும் சோக்காலும் இங்கே முடியாதது என்ன? இரண்டு விடயங்கள் அகப்பட்டன. ஒன்று, வயருக்குள் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டுவது. மற்றது அதைவிட முக்கியம்: 38 பேரும் என்ன நினைக்கிறார்கள் என்று பாடம் முடிவதற்குள் தெரிந்துகொள்வது. "விளங்கிச்சா?" என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில் "ஓம் ரீச்சர்" என்னும். கை உயர்த்தச் சொன்னால் வழமையான ஐந்து கைகள் உயரும். பிழை வைத்திருக்கும் பிள்ளை மூன்றாம் வரிசையில் பேசாமல் இருக்கும்.

திருத்தி எழுதிய தாள்

ஐந்து இலக்குகள் மூன்றாகச் சுருங்கின. யூடியூப் சனலும் ஸ்மார்ட் போர்ட்டும் வெட்டுப்பட்டன. வாட்ஸ்அப் வேறு வடிவம் எடுத்தது, அதைப் பிறகு பார்ப்போம். மையமான இலக்கின் வாசகம் இதுதான்:

"முதலாம் தவணை முடியும்வரை வாரம் ஒரு பாடவேளையில், ஒரே ஒரு வினாவுக்கு 38 பேரினதும் விடையை 15 ஆம் நிமிடத்துக்குள் கைபேசியில் பார்ப்பேன். அந்த எண்ணிக்கையைப் பார்த்தபிறகே அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பேன். டேட்டா இல்லாவிட்டால் விரல் காட்டும் முறைக்குப் போவேன். இதற்கு இடம் விட, வாரம் ஒரு தடவை கரும்பலகையில் நீளக் குறிப்பு எழுதிப்போடுவதை நிறுத்துவேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் இலக்குத் தாள்களில் அநேகமாக இருப்பதில்லை. கருவி கைவிடும்போது என்ன செய்வது என்று எழுதப்படாத இலக்கு, கைவிட்ட முதல் நாளோடு முடிந்துவிடும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த ஊர் இது. எதை நிறுத்துவோம் என்று எழுதாவிட்டால் புதிய வேலை பழைய வேலையின் தலையில் ஏறும், மூன்றாம் வாரத்தில் இரண்டும் சரியும்.

இரண்டாவது இலக்கு ஒரே ஒரு பாவனையாக்கக் கோப்பை (செயற்பாட்டைக் கணினித் திரையில் ஓட்டிக் காட்டும் கோப்பு) மூன்று பாடங்களில் பயன்படுத்தி, தடுமாறாமல் ஓட்டப் பழகுவது. மூன்றாவது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தன் வினாக்களில் வாரம் பத்தை, எந்தக் கைபேசியிலும் தெரியும் யுனிகோடுக்கு மாற்றுவது. இரண்டும் முதல் இலக்குக்குத் தோள்கொடுப்பவை.

யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட ஆசிரியர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத் தேர்ச்சிச் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பு ஆறு பரப்புகளையும் மூன்று மட்டங்களையும் வைத்து 18 தேர்ச்சிகளைச் சொல்கிறது. நல்ல சட்டகம். ஆனால் அதை முன்னால் வைத்துக்கொண்டு இலக்கு எழுதத் தொடங்கினால் மறுபடியும் பட்டியல்தான் பிறக்கும். பாடத்துக்குள் இருக்கும் பிழையிலிருந்து தொடங்கிவிட்டு, எழுதி முடித்தபின் அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அட்டைகள்

பிள்ளைகளிடம் கைபேசி இல்லாத வகுப்புக்குப் பொருத்தமான கருவி பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஆசிரியரிடம் ஒரு கைபேசி, பிள்ளைக்கு ஓர் அச்சட்டை. ஒவ்வோர் அட்டையிலும் வேறு வேறு கறுப்பு வெள்ளைச் சதுர வடிவம். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை: ஏ, பி, சி, டி. எழுத்துகள் ஓரத்தில் சின்னதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கைபேசிக் கமெராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் யார் எதைச் சொன்னார் என்பது திரையில் விழும். மல்டிமீடியா தேவையில்லை.

அட்டை அச்சிடும்போது செய்யும் பிழைகள்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை போட்டால் செலவு குறையும், ஆனால் இரண்டாம் மாடியின் நீளமான அறையில் பின்வரிசை அட்டையைக் கமெரா பிடிக்கத் தடுமாறும். பின்னிரு வரிசைக்காவது தாளுக்கு ஓர் அட்டை போடுவது நல்லது. சாதாரணத் தாள் இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும், ஆதலால் 160 முதல் 200 கிராம் வரையிலான பளபளப்பில்லாத தடித்த தாள் வேண்டும். லெமினேற் செய்யக்கூடாது. கம்பி வலைப்பக்க வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கறுப்புச் சதுரம் வெள்ளையாகத் தெரியும். பிள்ளைகள் அட்டையை நடுவில் பிடிப்பார்கள், விரல் வடிவத்தை மறைத்துவிடும். ஓரத்தை மட்டும் இரு விரலால் பிடிக்கப் பழக்குவதற்கு முதல்நாள் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

நிற்கும் இடமும் கணக்கு. வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு படம் பிடித்தால் அட்டைகள் நிழலில் கறுத்துப்போகும். அரைச் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் வெளிச்சம் அட்டையின் முகத்தில் விழும், கமெரா சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அட்டை இலக்கத்தையும் இடாப்பு இலக்கத்தையும் ஒன்றாக வைத்தால் குழப்பமில்லை. செயலியில் பிள்ளையின் பெயரை ஏற்றத் தேவையில்லை, இடாப்பு இலக்கம் போதும். வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணக்கில் நம் பிள்ளைகளின் முழுப்பெயர்கள் கிடக்க வேண்டிய அவசியமில்லை. வினாவைத் தமிழில் ஏற்றவும் வேண்டாம். கரும்பலகையில் வினாவை எழுதிவிட்டு, செயலியில் "கே 1" என்று பெயரிட்டுச் சரியான விடையை மட்டும் குறித்தால் தயாரிப்பு இரண்டு நிமிடத்தில் முடியும். நமது சாதாரண தர விஞ்ஞானம் முதலாம் பத்திரம் 40 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3, 4 என்று நான்கு விடைகள். பிள்ளைகள் இலக்கத்துக்குப் பழகியவர்கள். ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று கரும்பலகையின் மூலையில் தவணை முழுக்க அழிக்காமல் வைத்தால் பிழையான பக்கத்தைத் தூக்குவது குறையும்.

எண்ணிக்கை வந்தபின் என்ன செய்வது? ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சகபாடிக் கற்பித்தல் முறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 30 வீதத்துக்கும் குறைவானவர்கள் சரியென்றால் கருத்தைத் திரும்பக் கற்பிக்க வேண்டும். 30க்கும் 70க்கும் இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். 38 பேருக்கு அது 11 வரை, 12 முதல் 26 வரை, 27உம் அதற்கு மேலும். இந்த மூன்று எண்களைச் சிறு துண்டில் எழுதிக் கைபேசியின் பின்பக்கம் ஒட்டிவைத்தால் பாடத்தின் நடுவில் மண்டையைக் குழப்பத் தேவையில்லை. இன்னொரு எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும்: நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 38 பேரில் 9 அல்லது 10 பேர் சரியாக வருவார்கள். ஆகவே "பத்துப் பேருக்காவது விளங்கியிருக்கு" என்று ஆறுதல்படுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

டேட்டா கிடைக்காத நாளில் விரல். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு முன்னால் ஒன்று முதல் நான்கு விரல் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கவிட்டால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து எழுதும். பதிவு கிடைக்காது, அன்றைய பாடம் கிடைக்கும்.

மேசையில் சுற்று, சுவரில் சுற்று

பாடம் இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில் வைக்கப்பட்டது. மல்டிமீடியா இடைவேளையிலேயே மேலே வந்து தயாராகிவிடும். 20 நிமிட இழப்பில் 15 நிமிடம் இந்த ஒரு மாற்றத்தால் மீண்டது. நேரசூசியில் இரட்டைப் பாடவேளை இருந்தால் இன்னும் வசதி.

முதல் வாக்கெடுப்பில் சரியான விடை 9. ஊகத்தின் அளவுதான். மசூரின் கணக்கின்படி இது திரும்பக் கற்பிக்க வேண்டிய எண். ஆசிரியை விளக்கம் சொல்லத் தொடங்காமல் சுற்றை மேசையில் வைத்தார்: 1.5 வோல்ற்று உலர்கலம் மூன்று, 2.5 வோல்ற்று டோர்ச் மின்குமிழ் இரண்டு, ஆளி, 0 முதல் 1 அம்பியர் வரையான அம்பியர்மானி ஒன்று. மானியை மூன்று இடங்களில் மாற்றிமாற்றி வைப்பது திட்டம்: முதல் குமிழுக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்.

இந்த எளிய செயற்பாடு பிள்ளைகளின் பிழையான எண்ணத்துக்கே சாட்சி சொல்லிவிடக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. பழைய உலர்கலம் போட்டு ஆளியை மூடியபடியே வைத்தால், மானியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் கலம் களைத்துவிடும். வாசிப்பு படிப்படியாக இறங்கும். முன்வரிசைப் பிள்ளை உடனே சொல்லும்: "பாருங்க ரீச்சர், குறைஞ்சிட்டுது!" அந்தப் பிள்ளை கண்டது உண்மை, காரணம் மட்டும் வேறு. புதிய கலம் போட வேண்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் நடுவில் ஆளியைத் திறந்து கலத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். மூன்று வாசிப்பும் எடுத்தபின் மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் திரும்பவும் ஒரு தடவை எடுக்க வேண்டும். கலம் களைத்திருந்தால் முதலிடத்திலும் இப்போது வாசிப்பு குறைந்திருக்கும், குறைவு இடத்தால் வந்ததல்ல என்பது அங்கேயே தெரியும்.

இரண்டாவது, குமிழ்கள். ஒரே பெட்டியில் வாங்கினாலும் இரண்டு டோர்ச் குமிழ்கள் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்றுக் கூடுதலாக ஒளிரும். அது பற்றரியின் நேர்முனைப் பக்கம் அமைந்துவிட்டால் பாடம் தலைகீழாகிவிடும். குமிழ்களை இடம் மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டும். பிரகாசமான குமிழ் இடம் மாறியபின்னும் பிரகாசமாகவே இருந்தால் காரணம் குமிழ், வரிசை அல்ல. அதைத் தாங்களாகக் கண்ட பிள்ளைகள் அன்றைய பாடத்தில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். "ஒரு பல்பைக் கழற்றிட்டு நேரே குடுத்துப் பாருங்க ரீச்சர்" என்ற வேண்டுகோளுக்கு மட்டும் இணங்கக்கூடாது. மூன்று கலத்தின் 4.5 வோல்ற்றும் ஒரு 2.5 வோல்ற்றுக் குமிழில் விழுந்தால் இழை எரிந்துபோகும்.

மேசையில் பார்த்தபின்தான் சுவர். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் நேரோட்டச் சுற்றுப் பாவனையாக்கம் இலவசம். ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்தால் இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். தமிழ்ப் பதிப்பில் கலைச்சொற்களை வகுப்புக்கு முன் பார்த்துவைக்க வேண்டும். நம் பாடநூலில் சமாந்தர இணைப்பு என்பது தமிழ்நாட்டில் பக்க இணைப்பு, தடையி என்பது மின்தடையாக்கி. சுவரில் ஒரு சொல், புத்தகத்தில் வேறு சொல் என்றால் பிள்ளை சொல்லைத்தான் யோசிக்கும், சுற்றை அல்ல.

திரையில் சுற்றை இணைத்தவுடன் வயருக்குள் நீல உருண்டைகள் ஓடும். அவை இலத்திரன்கள், பாடநூல் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் போகும். மரபுவழி மின்னோட்டம் என்ற தெரிவுக்கு முதலிலேயே மாற்றிவிட்டால் திசைக் குழப்பம் வராது, இலத்திரனை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பற்றரி 9 வோல்ற்று, குமிழ் ஒவ்வொன்றும் 10 ஓம் என்று ஏற்கெனவே அமைந்திருக்கும். இரண்டு குமிழ் தொடராகப் போட்டால் 0.45 அம்பியர், முன்னால், நடுவில், பின்னால் எங்கே மானியை வைத்தாலும் அதே 0.45. அம்புக்குறிகள் இரண்டாவது குமிழைத் தாண்டும்போது எண்ணிக்கையும் குறையவில்லை, வேகமும் குறையவில்லை. ஒரு பிள்ளை கேட்ட கேள்வி அந்த நேரத்துக்கு உரியது: "அப்ப பல்ப் எதை ரீச்சர் எடுக்குது?" கரண்ட் பில்லைக் கையில் எடுக்க அதைவிட நல்ல தருணம் இல்லை.

யாராவது பற்றரியின் இரு முனைகளையும் வயரால் நேரே இணைத்துவிட்டால் திரையில் பற்றரி தீப்பிடிக்கும். வகுப்பு ஆரவாரப்படும். குறுஞ்சுற்று என்ற சொல்லை அங்கேயே சொல்லிவிட்டு மேலே போகலாம்.

சுவரில் விழும் படத்துக்கு வருவோம். இந்த வெளிச்சத்துக்கு 3000 லூமனுக்குக் குறைந்த மல்டிமீடியா வெளிறும். கம்பி வலைப்பக்கம் பழைய சேலை ஒன்றைக் கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். புதிய லப்டொப்பில் விஜிஏ துளை இருக்காது, பழைய மல்டிமீடியாவில் எச்டிஎம்ஐ இருக்காது. இடையில் போடும் மாற்றியைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ வாங்கலாம், லப்டொப்பைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். படம் வராவிட்டால் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி இரட்டிப்பைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். வட்ட முள் பொயின்றில் சதுர முள்ளைக் குச்சி குத்திச் செருகுவது பாடசாலைகளில் அன்றாடம் நடக்கிறது. 38 பிள்ளைகள் நடமாடும் அறையில் அது கூடவே கூடாது. பொருத்தமான அடாப்டரோடு கூடிய ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று ஆசிரியையின் பையில் நிரந்தரமாக இருக்கட்டும்.

பாமினி

மூன்றாவது இலக்கு சிறியதாகத் தெரியும், ஆனால் அதிக நேரம் விழுங்கியது அதுதான். ஆசிரியையின் பத்து வருட வினாக்கள் எல்லாம் பாமினியில். பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் தெரியும். கூகுள் ஃபோம் அதைத் தமிழாகக் காட்டாது, தேடினால் அகப்படாது. யுனிகோடில் தமிழுக்கென்று சொந்த இடம் இருப்பதால் எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும்.

இணையத்தில் உள்ள மாற்றிகளில் முழுத் தாளையும் ஒட்டி மாற்றினால் ஒரு விபத்து நடக்கும். தமிழ் வரிகள் சரியாக வரும், சமன்பாடுகள் சிதறும். வேர்ட் கோப்பில் ஓமின் விதிச் சமன்பாடு வேறு எழுத்துருவில் இருந்தாலும், வெறும் எழுத்தாக ஒட்டும்போது அந்த வேறுபாடு அழிந்துவிடும். வோல்ற்றின் குறியீடும் தடையின் குறியீடும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகிவிடும். 10 ஓம் என்று இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஓர் உயிர்மெய் வந்து நிற்கும். அவசரத்தில் அச்சிட்டுவிட்டால் பரீட்சை மண்டபத்தில்தான் தெரியவரும். வழி இது: வேர்டில் எழுத்துருவின்படி தேடி, பாமினியில் இல்லாத எல்லாவற்றுக்கும் முதலில் மஞ்சள் நிறம் பூசி, அவற்றின் இடத்தில் 111, 222 போன்ற எண்களைப் போட்டு, தமிழை மாற்றியபின் சமன்பாடுகளைக் கையால் திரும்ப வைப்பது. பாமினி விசைப்பலகை விரலில் ஊறியவர்கள் அதை மறக்கத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே தட்டி யுனிகோடை எழுதலாம்.

வாட்ஸ்அப்

முதல் தாளில் இருந்த "வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு" இப்போது ஒரு கட்டுப்பாடாக மாறியது: வெள்ளிக்கிழமை ஒரேயொரு பீடிஎஃப், 1 மெகாபைட்டுக்குள், மாலை ஏழு மணிக்குப் பின் எதுவும் அனுப்புவதில்லை, கைபேசி இல்லாமல் செய்யமுடியாத வீட்டுவேலை கொடுப்பதில்லை. அதே பக்கத்தின் அச்சுப் பிரதி திங்கட்கிழமை வகுப்புச் சுவரில். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளை வடகொழும்பில் எல்லாரும் கண்டார்கள். அந்த வீடுகள் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. காணொளி தேவைப்பட்டால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் உள்ளதைப் பாடசாலைக் கணினி அறையில் தரவிறக்கி வகுப்பில் காட்டுவதே நியாயம்.

பதிவேடு

ஒரு சாதாரண 80 பக்கக் கொப்பி. பக்கத்துக்கு ஒரு வினா. திகதி, வினா, முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு, பிழைத்தது என்ன என்று ஒரு வரி. மேலே சொன்ன பாடத்தின் பக்கம் இப்படி இருக்கும்: முதல் வாக்கு 9. மேசைச் சுற்றுக்குப் பின் 20, அந்த எண்ணைப் பார்த்துச் சோடியாகப் பேசவிட்டது. பாவனையாக்கத்துக்குப் பின் 31. பிழைத்தது: நடுவரிசையில் இரண்டு அட்டைகளை விரல் மறைத்தது.

31 என்ற எண் மனதுக்கு இதமானது. அங்கே நிறுத்தியிருந்தால் இலக்கு நிறைவேறியது என்று எழுதியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், மூன்று குமிழ்கள் தொடரில் இருக்கும் அதே வினாவைக் கேட்டபோது 19. பன்னிரண்டு பிள்ளைகள் பழைய 'கரண்டு'க்குத் திரும்பிப் போயிருந்தார்கள். படம் பார்த்த நாளின் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்தது, வீட்டுப் பேச்சின் நடுவில் மூன்று வாரம் தங்கவில்லை. இதனால் இலக்கின் வாசகத்திலேயே ஒரு திருத்தம் விழுந்தது: "அதே கருத்தை மூன்று வாரத்துக்குப் பின் வேறு வடிவில் மறுபடி கேட்பேன், அந்த எண்ணைத்தான் இலக்கின் பெறுபேறாகக் கொள்வேன்."

இரண்டாம் தவணைக்கான வினாவும் இந்தப் பக்கங்களிலிருந்தே வந்தது: ஒரு குமிழ் எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சமாந்தரமாக இணைத்தால் முதலாவது மங்குமா? பாவனையாக்கத்தின் பற்றரிக்கு அகத்தடை (பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை) பூச்சியம். ஆகவே குமிழுக்கு 0.9 அம்பியர் அப்படியே நிற்கும், பற்றரியிலிருந்து வெளியேறுவது 1.8 ஆகும். மேசையில் உண்மையான உலர்கலத்தோடு செய்தால் முதல் குமிழ் கொஞ்சம் மங்கும், கண்ணுக்கே தெரியும். சுவர் ஒன்றைச் சொல்ல, மேசை இன்னொன்றைச் சொல்லும். அந்த முரண்பாட்டை மறைக்காமல் வகுப்பின் முன் வைக்க, பாவனையாக்கத்தின் லேப் திரையில் உயர்நிலை அமைப்புகளைத் திறந்து பற்றரியின் தடையை 1 ஓமுக்குக் கொண்டுவர வேண்டும். தனிக் குமிழில் 0.82 அம்பியராக இருந்தது, இரண்டாவது சேர்ந்தவுடன் 0.75 ஆக இறங்கும். மேசையில் மங்கிய குமிழ் இப்போது சுவரிலும் மங்கும். அதற்கு முன் ஆறு அட்டைகளைப் புதிதாக அச்சிட வேண்டும், ஓரம் கிழிந்துவிட்டது.